ஆமையோட்டின் பின்புறத்தையும் படித்தவர்

வரலாற்றறிஞர் டேவிட் கீட்லி 2017 பிப்ரவரி 23 அன்று மறைந்தார். பண்டைச் சீனத்தின் மிகத் தொன்மையான எழுத்துச் சான்றுகளான ஆரூட எலும்புகளை, சீனவியலைத் தொழிலாகக் கொள்ளாத என்னைப் போன்றவர்களும் நெருங்கிப் பார்க்க வழி செய்தவர் அவர். அவரிடம் நான் படித்ததில்லை, நேரில் பார்த்ததும் இல்லை. அவருடைய நூல்களை வாசித்தவன் என்பதைத் தவிர அவரைப் பற்றி எழுத எனக்கு வேறு உரிமை கிடையாது. ஆனாலும் ஒரு வரலாற்றுச் சான்றைக் கையில் எடுத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதை யார், எதைக் கொண்டு, எந்த வரிசையில், யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்பதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர் அவர்தான். அந்தக் கடனுக்காக இதை எழுதுகிறேன்.

கீட்லி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சான்று எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்திலிருந்து, கி.மு. 1045 வாக்கில் சௌ மரபினரிடம் வீழும் வரையில், ஷாங் அரசர்கள் இன்றைய ஹெனான் மாகாணத்து அன்யாங் நகரை ஒட்டிய இடத்திலிருந்து ஆண்டார்கள். மாட்டின் தோள்பட்டை எலும்பையும் ஆமையின் வயிற்றோட்டையும் சூடுபடுத்தி, அதில் விழும் வெடிப்பைப் பார்த்துக் குறி சொன்னார்கள். எதைப் பற்றிக் குறி பார்த்தார்களோ அதைப் பிறகு அந்த எலும்பிலேயே பொறித்தும் வைத்தார்கள். மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த இவற்றை 19ஆம் நூற்றாண்டில் அன்யாங் உழவர்கள் தோண்டியெடுத்து, 'டிராகன் எலும்பு' என்ற பெயரில் மருந்துக் கடைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் இருப்பது பழைய எழுத்து என்று 1899இல் பெய்ஜிங்கில் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டார். 1928 முதல் 1937 வரை அங்கே முறையான அகழாய்வு நடந்தது; 1936இல் ஒரே ஒரு குழியிலிருந்து மட்டும் 17,096 துண்டுகள் கிடைத்தன. இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்புகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் காணப்படும் எழுத்துருக்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஐயமின்றிப் படிக்கப்பட்டவை அவற்றில் பாதிகூட இல்லை.

இந்தத் துறைக்குக் கீட்லி நேர்வழியில் வந்தவர் அல்லர். 1932இல் லண்டனில் பிறந்து, உலகப் போர் முடிந்தபின் 1947இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். நியூயார்க்கில் ஐரோப்பிய வரலாற்றில் முதுகலை முடித்தார். அதே நகரில் சில ஆண்டுகள் பதிப்புத் துறையில் வேலை பார்த்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சீனம் படிக்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. ஷாங் காலத்திலும் அடுத்து வந்த சௌ காலத்தின் முற்பகுதியிலும் மக்களைக் கட்டாயப்படுத்தி வாங்கிய உழைப்பைப் பற்றிய ஆய்வுக்கு 1969இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 1998இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். 1986இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இலக்கியத்திலும் பதிப்புப் பணியிலும் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். எலும்பு இயல் போன்ற வறண்ட பொருளை எழுதும்போதும், எந்தச் சொல் எவ்வளவு எடை தாங்கும் என்று நிறுத்துப் பார்க்கும் கை அவருடைய வாக்கியங்களில் தெரியும்.

1978இல் வெளிவந்த 'ஷாங் வரலாற்றின் மூலங்கள்' என்ற நூல்தான் அவருடைய பெயரை நிலைநாட்டியது. வரலாற்று நூல் என்று நினைத்து அதைத் திறப்பவருக்கு முதலில் வியப்புத்தான் மிஞ்சும். அரசர் பட்டியலோ போர்களோ முதலில் வருவதில்லை. ஆமை எந்த இனத்தது, எங்கிருந்து வந்தது, ஓட்டை எப்படி அறுத்துச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள், பின்புறத்தில் எப்படிக் குழி வெட்டினார்கள் என்றுதான் நூல் தொடங்குகிறது. ஆமையினத்தை அடையாளம் காண்பதற்கு விலங்கியல் அறிஞர் ஒருவரை நாடி, அவர் எழுதியதைத் தனிப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார். எழுத்தைப் படிப்பதற்கு முன் எழுதப்பட்ட பொருளைப் படிப்பது என்பதை இவ்வளவு பிடிவாதமாகச் செய்தவர்கள் குறைவு.

அந்தப் பின்புறத்துக் குழிகளைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஓட்டின் உட்புறத்தில் முதலில் நீள்வட்டமாக ஒரு பள்ளம் உளியால் செதுக்கப்படும். அதை ஒட்டிப் பக்கவாட்டில் வட்டமாக ஒரு குழி. இரண்டும் மறுபுறம் வரை துளைத்துக்கொண்டு போகாமல், மெல்லிய ஏடு போல எலும்பு மிஞ்சும்படி நிறுத்தப்படும். குறி பார்க்கும் நேரத்தில் வட்டக் குழியில் நெருப்புச் சூடு வைத்தால், முன்புறத்தில் நீள்பள்ளத்தின் வழியே செங்குத்தாக ஒரு வெடிப்பு ஓடும்; அதன் இடையிலிருந்து வட்டக் குழியின் பக்கமாக ஒரு கிளை பிரியும். குறி பார்த்தலைக் குறிக்கும் சீன எழுத்து இந்த வெடிப்பின் வடிவமேதான். ஆக, வெடிப்பு எங்கே விழவேண்டும், கிளை எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதெல்லாம் நெருப்பு வைப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிட்டிருந்தது. விதிக்கு விடப்பட்டது கிளையின் கோணமும் ஒலியும் போன்ற சில நுணுக்கங்கள் மட்டுமே. வெடிப்புக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பொறிப்பார்கள்; நல்ல வெடிப்பு என்றால் அதற்கும் குறிப்பு உண்டு. எதைப் பற்றிக் குறி பார்த்தார்கள் என்ற கூற்று பொறிக்கப்படுவது இதற்கெல்லாம் பிறகு. சிலவற்றில் எழுத்துக்குள் சிவப்புச் சாயம் நிரப்பி அழகு செய்தார்கள்.

ஓட்டின் ஓரத்தில், குறிக்கும் வெடிப்புக்கும் தொடர்பில்லாத இடத்தில், சின்னதாக வேறு குறிப்புகளும் உண்டு. ஒரு தலைவர் 250 ஓடுகளை அனுப்பினார் என்று ஒன்று சொல்லும். இன்னொன்று ஆயிரம் ஓடுகள் வந்ததைச் சொல்லும். அரண்மனைச் சரக்கறைக் கணக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றும் இந்த வரிகளைக் கீட்லி நிதானமாகக் கூட்டிப் பார்த்தார். ஓடுகளைக் கொண்டுவர ஆட்கள், வெட்டிச் சுத்தம் செய்ய ஆட்கள், குழி செதுக்க, சூடு வைக்க, எண் போட, எழுத்து பொறிக்க, பாதுகாத்து வைக்க ஆட்கள் என்று அவர் கண்முன் ஒரு பெரும் பட்டறை எழுந்தது. ஆரூடம் என்றால் அருள் வந்து ஆடும் ஒருவரை நினைக்கிறோம். ஷாங் அரண்மனையில் நடந்ததோ நாள்தோறும் முறைப்படி, பதிவேட்டோடு நடந்த அரசு வேலை.

வூ திங் என்ற அரசருடைய காலத்துப் பொறிப்பு ஒன்றை இங்கே தருகிறேன். அவருடைய தேவியருள் ஒருவர் ஃபூ ஹாவ். ஜியாஷென் என்னும் நாளில் வெடிப்புப் பார்க்கப்பட்டது. குறிகாரர் சுவே கூற்றை முன்வைத்தார்: 'ஃபூ ஹாவுக்குப் பிரசவமாகும், நல்லபடியாக இருக்கும்.' அரசர் வெடிப்பைப் பார்த்துச் சொன்னார்: 'திங் நாளில் பிறந்தால் நல்லது; கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது.' அதற்கடுத்து, நடந்தது என்ன என்ற குறிப்பு: 'முப்பத்தோராம் நாள், ஜியாயின் நாளில் பிரசவித்தாள். நல்லபடியாக இல்லை. பெண் குழந்தை.' இதற்கு இணையாக அதே ஓட்டில் 'ஃபூ ஹாவுக்குப் பிரசவமாகும், ஒருவேளை நல்லபடியாக இருக்காது' என்று எதிர்மறைக் கூற்றும் இருக்கிறது. அதன் கீழும் முடிவு அதேதான்.

முதல் முறை படிப்பவருக்கு அந்தக் கடைசி வரியில் நெஞ்சு இறுகும். பெண் பிறந்தது நல்லதல்ல என்று மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எலும்பில் வெட்டி வைத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கும் வந்தது. கீட்லி அந்த வரியோடு நிற்காமல் வாசகரை ஒரு படி மேலே அழைத்துச் செல்கிறார். அரசர் சொன்னது திங், கெங் என்ற இரண்டு நாட்களை மட்டும். ஷாங் மக்களின் பத்து நாள் வாரத்தில் மற்ற எட்டு நாட்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. குழந்தை பிறந்தது ஜியாயினில், அதாவது ஜியா நாளில். ஆகவே 'நல்லபடியாக இல்லை' என்ற பதிவு அரசரின் கணிப்பைப் பொய்யாக்கவில்லை. அது பலித்தது என்றே ஆகிவிடுகிறது. இந்தப் பொறிப்பு ஒரு பிரசவத்தின் குறிப்பாக மட்டும் வெட்டப்படவில்லை, அரசரின் வாக்கு தப்பவில்லை என்பதற்கான சாட்சியாகவும் வெட்டப்பட்டது. அரசர் கணித்தது தவறாகப் போனது என்று வெளிப்படையாகச் சொல்லும் பொறிப்பைத் தேடினால் கிடைக்காது. தவறிய கணிப்புகள் இல்லாமலா இருந்திருக்கும்? அவற்றைப் பொறிக்க யாரும் உளியை எடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஒரு வேட்டை விபத்து. குய்சி நாளில், அதாவது வாரத்தின் கடைசி நாளில், அடுத்த பத்து நாட்களில் கேடு எதுவும் வராது என்ற வழக்கமான கூற்று முன்வைக்கப்பட்டது. வூ திங் வெடிப்பைப் பார்த்து, கேடு வரும் என்றார். மறுநாளே அவர் காட்டெருமை வேட்டைக்குப் போனார். அலுவலர் ஒருவருடைய தேரும் குதிரைகளும் பாறையில் மோதி அரசரின் தேர்மீது சரிந்தன. இளவரசர் யாங்கும் கீழே விழுந்தார். அரசர் தேரிலிருந்து கவிழ்ந்த செய்தியைப் பெரிய எழுத்தில் வெட்டிச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அது அவருடைய இழுக்காகக் கருதப்படவில்லை என்பது வெளிப்படை. விழப்போவதை அவர் முன்னமே சொல்லிவிட்டார் அல்லவா? உடம்பில் பட்ட அடியைவிட வாக்குப் பலித்ததே பெரிது.

'மூலங்கள்' நூலின் தொடக்கப் பக்கங்களில் கீட்லி, தமக்குள் இருந்த எழுத்தாளருக்குச் சற்றே இடம் கொடுத்து, வூ திங்குக்குப் பல்வலி வந்த ஒரு காலைப்பொழுதைக் காட்சியாக எழுதியிருக்கிறார். கற்பனைதான் என்றாலும் ஒவ்வொரு விவரத்துக்கும் பொறிப்பிலோ அகழாய்விலோ ஆதாரம் உண்டு. பல்வலிக்குக் காரணம் இறந்துபோன முன்னோர்களில் யாரோ ஒருவருடைய கோபம். யாருடையது? தந்தை ஜியாவா, தந்தை கெங்கா, தந்தை சின்னா, தந்தை யியா? ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, அவர்தான் என்றும் அவரில்லை என்றும் மாறிமாறி வெடிப்புப் பார்க்கப்படுகிறது. தந்தை கெங்குக்கு ஒரு நாய், கூடவே பிளந்த ஒரு ஆடு என்று பரிகாரம் முன்மொழியப்படுகிறது. நால்வரில் யி மட்டுமே வூ திங்கைப் பெற்றவர். மற்ற மூவரும் அவருக்கு முன் ஒருவர் பின் ஒருவராக அரியணை ஏறிய அண்ணன்மார். பெரியப்பாவையும் அப்பா முறையில் வைத்தே பழகிய நமக்கு, நான்கு தந்தையர் என்ற இந்த வழக்கு குழப்பமே தராது. சீனம் படிக்கும் மேலை மாணவர்களுக்குக் கீட்லி இதைப் பொறுமையாக விளக்கவேண்டியிருந்தது.

குறி பார்த்தல் என்றால் கேள்வி கேட்பது என்றுதான் நாம் எண்ணுகிறோம். சீன மரபிலும் இந்தக் கூற்றுகளைக் கேள்விகளாகவே படித்து, பதிப்பிக்கும்போது வினாக்குறி இட்டு வந்தார்கள். கீட்லியோ வினாக்குறியை எடுத்துவிட்டார். 'நல்லபடியாக இருக்குமா' என்று அரசர் கேட்கவில்லை. 'நல்லபடியாக இருக்கும்' என்று சொல்லி, அந்தச் சொல்லை முன்னோர்கள் ஏற்கிறார்களா என்று நெருப்பில் சோதித்தார் என்பது அவர் வாதம். இணைக் கூற்றுகளில் விரும்பத்தகாத பக்கத்தில் மட்டும் ஐயத்தைக் காட்டும் ஓர் இடைச்சொல் சேர்ந்து வருவதை பால் செரூய்ஸ் என்ற அறிஞர் 1974இல் கவனித்திருந்தார். மேலே நான் தந்த பொறிப்பில் 'ஒருவேளை' என்று வருவது அதுதான். எந்தப் பதில் வேண்டும் என்று முன்கூட்டியே சாய்ந்திருக்கும் ஒரு சோதனையை நடுநிலையான கேள்வி என்று எப்படிச் சொல்வது? இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. எலும்பெழுத்தில் பேரறிஞரான ச்சியூ சிகுய், கேள்வியா கூற்றா என்பதைப் பொறிப்புகளின் இலக்கணத்தைக் கொண்டு விரிவாக ஆராய்ந்தார். அந்தக் கட்டுரையை 1989இல் வெளியிட்டதும், பல அறிஞர்களின் மறுமொழிகளை அதோடு சேர்த்து அச்சிட்டதும், கீட்லி 1975இல் முன்னின்று தொடங்கிய 'எர்லி சைனா' என்ற இதழ்தான். தாம் நிறுத்திய கருத்துக்கு எதிர்வாதம் எழ இடம் தந்த இதழை வளர்த்துவிட்டுப் போனதை அவருடைய நூல்களுக்கு இணையான பணியாகவே நான் மதிக்கிறேன்.

அவருடைய முடிவுகளில் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஷாங் சமயத்தின் உச்சியில் தி என்ற பெருந்தெய்வம் இருந்தது. மழையும் விளைச்சலும் பகைவரும் அதன் கையில். ஆனால் அரசர் அதற்கு நேரடியாகப் பலி கொடுத்ததற்குச் சான்று கிட்டத்தட்ட இல்லை. அண்மையில் இறந்தவர் தொல்முன்னோரிடம் போவார், தொல்முன்னோர் தியிடம் போவார். தா ஜியா என்ற முன்னோர் அவருக்கும் மூத்த முன்னோரான சியானிடம் விருந்தாளியாவதையும், சியான் தியிடம் விருந்தாளியாவதையும் பற்றி ஒரே ஓட்டில் அடுத்தடுத்துக் குறி பார்த்திருக்கிறார்கள். படிப்படியான அதிகாரம், கொடுத்தால் கிடைக்கும் என்ற ஒப்பந்த உணர்வு, நாள் குறித்து முறை வைத்துச் செய்யும் வழிபாடு, தனி மனிதரின் குணத்தைக் கழித்துவிட்டுப் பதவியை மட்டும் நிறுத்துதல் ஆகிய இவற்றில், பிற்காலச் சீனத்தின் புகழ்பெற்ற அலுவலர் ஆட்சிக்கு விதை இருந்தது என்று கீட்லி 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாதிட்டார். ஷாங் பற்றிய பகுதி எனக்கு முழு நிறைவு தருகிறது. அங்கிருந்து ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி ஹான் பேரரசின் அலுவலகங்களுக்கு வரும் பாய்ச்சல்தான் நெருடுகிறது. ஓர் ஓட்டின் ஓரக் குறிப்பை அவ்வளவு ஐயத்தோடு அணுகியவர், நாகரிகம் முழுவதையும் பற்றிப் பேசும்போது தமக்கே அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார் என்று தோன்றும். கிரேக்கத்தையும் சீனத்தையும் ஒப்பிட்டு அவர் எழுதியவற்றிலும் இதே குறை உண்டு. கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸ், பெண் போர்வீரர்களான அமேசான்களின் அரசியைக் குத்தும் கிரேக்கக் கிண்ணத்தையும், பெயரற்ற வீரர்கள் வரிசை வரிசையாகப் போரிடும் சீன வெண்கலக் கலத்தையும் அருகருகே வைத்து அவர் பேசும் பக்கங்கள் படிக்கப் பேரின்பம் தருபவை. இரண்டு கலங்கள் இரண்டு நாகரிகங்களின் சுமையைத் தாங்குமா என்ற கேள்வி மட்டும் கூடவே வரும்.

இதற்கு நேர்மாறாக, ஷாங் அரசின் பரப்பைப் பற்றிய அவருடைய கட்டுரை எனக்கு ஐயமே இல்லாமல் செல்லுபடியாகிறது. பழைய வரைபடங்களில் ஷாங் என்று ஒரே நிறத்தில் தீட்டிய பெருநிலம் இருக்கும். கீட்லி பொறிப்புகளில் வரும் இடப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே அரசர் வேட்டையாடினாரா, விளைச்சலுக்குக் குறி பார்த்தாரா, அங்கிருந்தவருக்கு ஆணை இட்டாரா, அவரிடமிருந்து ஓடு வந்ததா என்று கேட்டார். அப்படிக் கேட்டதும் நிறம் கலைந்துவிட்டது. அந்த அரசு தோஃபுவைப் போல இடைவெளியற்ற கட்டியாக இருக்கவில்லை, சுவிஸ் பாலாடைக்கட்டியைப் போலத் துளை நிறைந்திருந்தது என்று அவர் எழுதினார். அரசர் போய் நிற்கும் பாதைகளும் முகாம்களும் அரசு. நடுவே கிடந்த வெளிகள் யாருடையவையோ. அரசு என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்ட எதைப் பார்த்தாலும் இப்போது எனக்கு இந்தத் துளைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

ஃபூ ஹாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரசவத்துக்குக் குறி பார்க்கப்பட்ட அதே பெண்ணின் பெயரில் 3,000 பேரும் கூடுதலாக 10,000 பேரும் படைக்குத் திரட்டப்பட்டதைப் பற்றியும் ஒரு பொறிப்பு உண்டு. 1976இல் அவருடைய கல்லறை கொள்ளை போகாத நிலையில் அன்யாங்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சை மணிக்கல் பொருட்கள், ஏறத்தாழ 6,900 சோழிகள்; இவற்றோடு பலியிடப்பட்ட 16 மனிதர்கள், 6 நாய்கள். பலி என்பது கதையில் வரும் அச்சுறுத்தல் அன்று. சியாங் என்ற இனத்தைச் சேர்ந்த முந்நூறு கைதிகளை ஒரு முன்னோருக்குப் பலி கொடுப்பது பற்றி, எத்தனை ஆடு என்று கேட்கும் அதே நடையில் குறி பார்த்திருக்கிறார்கள். கீட்லி இதை மறைக்கவும் இல்லை, உரத்த குரலில் கண்டிக்கவும் இல்லை. உழைத்தவர்களைப் பற்றித் தொடங்கிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து 2012இல் ஷாங் கால உழைப்பைப் பற்றிய தனி நூலாக முடிந்தது. அரசரின் வயலில் உழுதவரும் மதில் எழுப்பியவரும் எலும்பில் பேசுவதில்லை, அவர்கள்மேல் இடப்பட்ட ஆணைகள் மட்டுமே பேசுகின்றன என்பதை அவர் ஒரு பக்கத்திலும் மறக்கவில்லை.

எலும்புகள் எதைச் சொல்வதில்லை என்பதில் அவருக்கு இருந்த கவனம் இங்கேதான் தெரிகிறது. கிடைத்திருப்பது பெரும்பாலும் அரசருடைய குறி, அதிலும் பொறிக்கத் தக்கது என்று கருதப்பட்டது மட்டும். நூலால் கட்டிய ஓலைக்கற்றையைப் போன்ற எழுத்துரு எலும்புகளிலேயே வருகிறது. ஆகவே மூங்கில் அல்லது மரப் பட்டிகளில் எழுதும் வழக்கமும் அப்போதே இருந்திருக்க வேண்டும். அவையெல்லாம் மக்கி மறைந்துவிட்டன. பனையோலைச் சுவடிகளைக் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் இழந்தவர்கள் இதைப் படித்தால், எஞ்சியதை வைத்து இழந்ததன் அளவைக் கணிக்கும் அவருடைய நிதானம் எவ்வளவு அரியது என்று புரிந்துகொள்வார்கள்.

கால மாற்றத்தையும் அவர் கூர்ந்து பார்த்தார். எலும்புகளை ஐந்து காலப் பகுதிகளாகத் தோங் சுவோபின் என்ற அறிஞர் 1933இலேயே பிரித்துக் காட்டியிருந்தார். முதல் பகுதியான வூ திங் காலத்தில் எழுத்து பெரிது. போர், கனவு, நோய், மழை, பிரசவம் என்று எதைப் பற்றியும் குறி பார்த்தார்கள். நேர்மறையும் எதிர்மறையும் இணையாக நின்றன. கடைசி இரண்டு அரசர்களின் காலத்துக்கு வரும்போது எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்து ஒழுங்காகிவிடுகிறது. குறிகாரர்கள் பின்னால் போய் அரசரே குறி பார்க்கிறார். பொருளும் வழிபாட்டு அட்டவணை, வேட்டை, அடுத்த பத்து நாள் என்று குறுகிவிடுகிறது. வெடிப்பைப் பார்த்து அவர் சொல்வது பெரும்பாலும் 'நன்று' என்ற ஒரே பதில். முன்னோர்கள் என்ன நினைக்கிறார்களோ என்ற பதற்றம் போய், நாட்கள் நல்லபடியாகக் கழியும் என்று முறையாகச் சொல்லி வைக்கும் சடங்காகிவிட்டது. கீட்லியின் எழுத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒரு நம்பிக்கை எதிரியால் உடைக்கப்படாமலே எப்படி உள்ளுக்குள் வற்றுகிறது என்பதை, எழுத்தின் அளவையும் கூற்றின் இலக்கணத்தையும் மட்டும் சான்றாகக் கொண்டு அவர் நிறுவுகிறார்.

அவரைப் படிக்கத் தொடங்க நினைப்பவர்கள் 'மூலங்கள்' நூலில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வேன். 2000இல் வந்த 'மூதாதையர் நிலக்காட்சி' சிறிய நூல். ஷாங் மக்கள் காலத்தையும் இடத்தையும் எப்படி உணர்ந்தார்கள் என்பதைப் பொறிப்புகளைக் கொண்டே சொல்கிறது. மழையும் திசைகளும் வேட்டை விலங்குகளும் அதில் நிறைந்திருக்கின்றன. அதன்பின், 2014இல் தொகுக்கப்பட்ட கட்டுரைகளில் முன்னோர் வழிபாட்டைப் பற்றியவற்றைப் படிக்கலாம். 'மூலங்கள்' மூன்றாவதாக வரட்டும். அதிலும் முதல் அத்தியாயத்தை அவசரமின்றி, குழிகளின் கோட்டோவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் தம்மோடு தாமே வாதிட்டுக்கொள்ளும் கீட்லி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்.